நாணய ஏலத்தில் மறைத்து வைக்கும் விலை: சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

ஒரே ஒரு வெள்ளி நாணயம். அதன் விலை ஒரு கோடி டாலருக்கு மேல்!

அமெரிக்காவில் 1794-ம் ஆண்டு அடிக்கப்பட்ட நாணயம் அது. அந்த ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, பிலடெல்பியா நகரத்து நாணயச் சாலையில் இருந்து 1,758 வெள்ளி டாலர்கள் வெளிவந்தன. அமெரிக்க அரசாங்கம் அடித்த முதல் டாலர் நாணயங்கள் அவைதான். அவற்றில் மிக நல்ல நிலையில் உள்ள ஒன்று, 2013-ம் ஆண்டு ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 16 ஆயிரத்து 875 டாலருக்கு விலை போயிற்று.

அதே நாணயம் 2020-ம் ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகாஸ் நகரில் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்தது. ஆனால் நாணயம் விற்கவில்லை!

ஏன்? "இந்த விலைக்குக் குறைந்தால் கொடுப்பதில்லை" என்று ஒரு விலை குறித்து வைக்கப்பட்டு இருந்தது. ஏலம் அந்த விலையை எட்டவில்லை.

ரிசர்வ் விலை

இப்படிக் குறித்து வைக்கும் விலைக்கு "ரிசர்வ் விலை" என்று பெயர். இதைச் சிலர் வெளியே சொல்வார்கள். சிலர் சொல்லமாட்டார்கள்.

உதாரணமாக, ஒருவரிடம் பழைய நாணயம் ஒன்று இருக்கிறது. 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து விற்க அவருக்கு மனம் இல்லை. ஏலம் ஆயிரத்தில் தொடங்குகிறது. 2 ஆயிரம், 3 ஆயிரம் என்று ஏறுகிறது. 4,500 ரூபாயில் நிற்கிறது. கடைசியாகக் கேட்டவர், "நாணயம் நமக்குத்தான்" என்று நினைக்கிறார். ஆனால் அவருக்குக் கிடைக்காது. 5 ஆயிரம் என்ற விலை அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்த விலையை முன்பே சொல்லி இருக்க வேண்டாமா? இதுதான் கேள்வி.

மறைப்பவர் கட்சி

மறைத்து வைப்பவர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள்.

விலையைச் சொன்னால், "இவ்வளவுதான் இதன் மதிப்பு" என்று எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்களாம்.

ஏலம் குறைந்த விலையில் தொடங்கினால் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் போட்டி வரும். போட்டி வந்தால் விலை ஏறும்.

மூன்றாவது காரணம் முக்கியமானது. வியாபாரிகள் சிலர் கூட்டுச் சேர்ந்துகொண்டு, "யாரும் மேலே கேட்கக்கூடாது" என்று பேசி வைத்துக்கொள்வது உண்டு. மறைவான விலை இருந்தால் அந்தக் கூட்டுச் சதி பலிக்காது.

சொல்லச் சொல்பவர் கட்சி

"வாங்க வருகிறவர் என்ன பாவம் செய்தார்?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

அவர் நாணயத்தைப் பார்க்க வருகிறார். பணம் திரட்டுகிறார். நேரம் செலவிடுகிறார். கடைசியில் வெறுங்கையோடு திரும்புகிறார். விலை முன்பே தெரிந்தால், வசதி இல்லாதவர் ஒதுங்கிக்கொள்வார். வசதி உள்ளவர் துணிந்து வருவார்.

நம் மாட்டுச் சந்தையிலும் துண்டுக்குள் கையை மறைத்து விலை பேசுவது உண்டு. ஆனால் அங்கே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விலை தெரியும். வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் தெரியாது. நாணய ஏலத்திலோ, வாங்குபவருக்கே தெரிவது இல்லை!

இல்லாத ஆள் கேட்ட ஏலம்

மறைவு இருந்தால் பொய்க்கும் இடம் உண்டு. ரிசர்வ் விலை வரும் வரை, ஏலம் விடுகிறவர் தாமாகவே விலையை ஏற்றிக்கொண்டு போவார். யாரோ கேட்டது போல அறையின் மூலையைக் காட்டுவார். அங்கே ஆளே இருக்காது. கூரையில் தொங்கும் விளக்குத்தான் இருக்கும். இதற்கு "சரவிளக்கு ஏலம்" என்றே மேல்நாட்டில் பெயர்.

1981-ம் ஆண்டு நியூயார்க்கில் 8 ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. ஒன்றுதான் விற்றது. ஆனால் மூன்று விற்றதாக ஏல நிறுவனத்தார் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். 1985-ல் குட்டு வெளிப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார்.

அதன் பிறகு நியூயார்க் நகரம் விதிகளைக் கடுமையாக்கியது. ரிசர்வ் விலை உண்டு என்பதை ஏலப் பட்டியலில் தெரிவிக்க வேண்டும், விற்காத பொருளை "விற்கவில்லை" என்று சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆனால் 2022-ல் அந்த நகரமே இந்த விதிகளை நீக்கிவிட்டது.

சோதித்துப் பார்த்தார்கள்

எந்தக் கட்சி சொல்வது சரி? ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள்.

ஒரே மாதிரியான படச் சீட்டுகளை 50 ஜோடி எடுத்துக்கொண்டார்கள். ஈபே என்ற இணைய ஏலத்தில் விட்டார்கள். ஜோடியில் ஒன்றுக்கு விலையை வெளியே சொன்னார்கள். மற்றதற்கு மறைத்தார்கள். 2006-ல் முடிவு வெளியாயிற்று. மறைத்தவைதான் குறைவாக விற்றன. கிடைக்கக்கூடிய பணமும் குறைந்தது. வாங்கும் எண்ணம் உள்ளவர்களே விலகிப் போனார்கள்.

ஆனால் அவை விலை மலிவான சீட்டுகள். 2003-ல் வேறு இருவர் இணையத்தில் நடந்த நாணய ஏலங்களை ஆராய்ந்தார்கள். விலை உயர்ந்த நாணயங்களுக்கே மறைவு விலை அதிகமாக வைக்கப்படுகிறது என்று கண்டார்கள். தொடக்க விலை குறைவாக இருந்தால் கூட்டம் அதிகம் என்பதும் தெரிந்தது.

ஆகவே, கோடி டாலர் நாணயத்துக்கு மறைவு பொருந்தலாம். அந்த 1794-ம் ஆண்டு நாணயம் 2022-ல் 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலை போனது. காத்திருக்க வசதி உள்ளவருக்கு நஷ்டம் இல்லை.

சாதாரணக் குடும்பத்தின் கதை வேறு. தாத்தா சேர்த்து வைத்த நாணயத்தை அவசரத்துக்கு விற்கிறார்கள். அது ஒரு தடவை விற்காமல் திரும்பினால், "ஏதோ குறை இருக்கிறது" என்று அடுத்த தடவை விலையைக் குறைத்துக் கேட்பார்கள். இவர்கள் விலையைச் சொல்லி விற்பதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1930-ம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன் 64-வது பிரிவு, ரிசர்வ் விலையோடு ஏலம் விட இடம் கொடுக்கிறது. ஆனால் பொய்யாக ஏலம் கேட்டு விலையை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். விற்பவர் தாமே கேட்பதாக இருந்தால், அந்த உரிமையை முன்பே அறிவிக்க வேண்டும்.

ஏலத்துக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ரிசர்வ் விலை உண்டா? விற்பவருக்காக வேறு யாராவது ஏலம் கேட்பார்களா? விற்காவிட்டால் அதை அங்கேயே சொல்வார்களா?

எவ்வளவு என்ற தொகையை மறைப்பது விற்பவர் விருப்பம். அப்படி ஒரு விலை இருப்பதையே மறைப்பது நியாயம் அல்ல. பணம் கொண்டு வருகிறவருக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.