உயிரணுவின் உலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக விளங்குவது கல்வராயன் மலை. 2000 அடி முதல் 3000 அடி வரை உயர்ந்து நிற்கும் அம்மலையில் தோன்றும் கோமுகி ஆறு, அடிவாரத்து வயல்களை வளப்படுத்துகின்றது. மலைக்குக் கிழக்கே சமவெளியில் அமைந்த ஊர் கள்ளக்குறிச்சி. 2019ஆம் ஆண்டு முதல் அது தனி மாவட்டமொன்றின் தலைநகராகத் திகழ்கின்றது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கின்றனர்.

மரவள்ளிக் கிழங்கைச் சமைக்கும் முறை யாவரும் அறிந்ததே. முதலில் தோலை உரிப்பர்; துண்டுகளாக நறுக்கி நீரில் வேகவைப்பர்; வெந்த நீரை வடித்துக் கொட்டிவிடுவர். அதன் இலையையும் தோலையும் ஆடுமாடுகள் மிகுதியாகத் தின்றால் மாண்டுபோகும் என்பதையும் உழவர் நன்கறிவர். கிழங்கில் நஞ்சு உண்டு; அதனை நீக்கியே உண்ண வேண்டும் என்பது வழிவழியாக வந்த அறிவு. அந்நஞ்சு உடலில் எவ்விடத்தைத் தாக்குகின்றது? அவ்விடம் கண்ணுக்குப் புலனாகாத ஒன்று. அதனை அறிந்தால், மலையடிவாரத்தில் நிகழ்ந்த பெருந்துயர் ஒன்றின் காரணமும், முதியோரை வாட்டும் நரம்பு நோய்களின் இயல்பும் ஒருங்கே விளங்கும்.

அத்துயர் 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் நிகழ்ந்தது. கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அருந்தியவர்களுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். தாய் தந்தை இருவரையும் இழந்து நின்ற சிறாரும் உண்டு. இறந்தவர் வீட்டிற்குத் துக்கம் கேட்கச் சென்ற சிலரும் அச்சாராயத்தையே அருந்தி மாண்டனர் என்பது கேட்போர் நெஞ்சை உருக்கும் செய்தியாகும். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் பொருள். தொழிற்சாலைகளுக்கே உரிய அது, நிறத்தாலும் மணத்தாலும் சாராயத்தை ஒத்திருக்கும். ஆதலின் நாவால் அதனைப் பிரித்தறிய இயலாது.

கிழங்கின் நஞ்சும் மெத்தனாலும் வெவ்வேறு பொருள்கள். ஆயினும் அவை இரண்டும் சென்று தாக்கும் இடம் ஒன்றே. அது யாதெனக் காண்போம்.

மனித உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் உழைப்பதற்கு ஆற்றல் வேண்டும். நாம் உண்ணும் உணவு, சர்க்கரை முதலிய எளிய பொருள்களாக மாறிக் குருதி வழியே உயிரணுவை அடைகின்றது. நாம் உள்ளிழுக்கும் உயிர்வளியாகிய ஆக்சிசனும் அவ்வழியே செல்கின்றது. இவ்விரண்டையும் கூட்டி ஆற்றலை ஆக்கும் உலைகள் உயிரணுவினுள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றிற்கு மைட்டோகாண்ட்ரியா என்பது பெயர். 1898ஆம் ஆண்டில் கார்ல் பெண்டா என்னும் செருமானிய அறிஞர் இப்பெயரை இட்டார். இழை, மணி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஆதலின் தமிழில் இழைமணி என்கிறோம். உருப்பெருக்கியில் நோக்குங்கால் அவை இழைபோலவும் மணிபோலவும் தோன்றுதலே இப்பெயருக்குக் காரணம்.

இழைமணியினுள் ஆற்றல் ஒரே வீச்சில் பிறப்பதன்று. தீயணைக்க வரிசையாக நிற்போர் நீர்க்குடத்தைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல, நொதிகள் பல வரிசையாக நின்று மின்னணுக்களைக் கைமாற்றுகின்றன. வரிசையின் இறுதியில் நிற்கும் நொதி அவற்றை உயிர்வளியிடம் சேர்க்கின்றது. அவ்விறுதி நொதி செயலற்றுப் போனால் வரிசை முழுவதும் தேங்கி நிற்கும். குருதியில் உயிர்வளி நிறைந்திருந்தும் உயிரணுவால் அதனைக் கொள்ள இயலாது. கரைபுரளும் ஆற்றின் நடுவே நின்றும், நீர் பருக முடியாது தவிப்பவனின் நிலையே உயிரணுவுக்கும் நேரும்.

இத்தகைய குறை நேருங்கால் முதலில் துன்புறுவன நரம்பணுக்களே. மூளையின் எடை உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கு. ஆனால் உடல் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ இருபது பங்கு அதற்கே வேண்டும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அந்நெடுந்தொலைவிற்கும் இழைமணிகள் சென்று ஆற்றலை வழங்கியாக வேண்டும். மேலும், தோலின் அணுக்கள் தேய்ந்தால் புதியன தோன்றும். நரம்பணுக்களோ பெரும்பாலும் வாழ்நாள் முழுமைக்கும் அமைந்தவை. இழந்தால் மீளப் பெறுதல் அரிது.

இனி மெத்தனாலின் செயலைக் காண்போம். அருந்திய உடனே அது பெருந்தீங்கு செய்வதில்லை. கல்லீரல் அதனைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகின்றது. எறும்பு கடித்தால் எரிச்சலூட்டும் அமிலமும் இதுவே. இம்மாற்றத்திற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அருந்தியவர் நலமுடன் நடமாடுவதைக் கண்டு பிறரும் அருந்துவதற்கு இவ்விடைவெளியே இடந்தருகின்றது. பின்னர் அவ்வமிலம் இழைமணியின் இறுதி நொதியைத் தடுக்கின்றது. ஆற்றலை மிகுதியாக வேண்டும் கண்ணரம்பு முதலில் வாடுகின்றது. பார்வை பனிமூடியது போலாகிப் பின் இருளும். மூளையின் ஆழத்தில் உடலசைவை ஒழுங்குசெய்யும் பகுதியும் சிதையும். இந்நஞ்சினின்று உயிர் பிழைத்தோர் சிலர் பார்வை இழப்பதும், உடல் விறைத்து நடை தளர்ந்து நடுக்குவாத நோயாளர் போலாவதும் இதனாலேயாம்.

மரவள்ளியின் நஞ்சாகிய சயனைடும் அவ்விறுதி நொதியையே தடுப்பதாகும். தோலுரித்து நறுக்கி நன்கு வேகவைத்து நீரை வடிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. ஆப்பிரிக்காவில் காங்கோ, மொசாம்பிக் முதலிய நாடுகளில் வறட்சியாலும் போராலும் பசியுற்ற மக்கள், கசப்பு மரவள்ளியை நெடுநேரம் ஊறவைக்காது உண்ண நேர்ந்தது. அவர்களுள் பெண்டிரும் சிறாரும் திடீரெனக் கால்கள் விறைத்து நடை இழந்தனர். கொன்சோ எனப்படும் இந்நோய் 1938ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டது. சயனைடே இதற்குக் காரணம் என்பது அறிஞர் கருத்து.

நஞ்சு சில நாள்களில் செய்யும் இக்கேட்டை, முதுமை பல ஆண்டுகளில் மெல்ல மெல்லச் செய்யுமோ என்னும் ஐயம் அறிஞர்க்கு எழுந்தது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் போதைமருந்தை ஊசிவழி ஏற்றிக்கொண்டு, சில நாள்களில் அசைவற்றுச் சிலைபோல் ஆயினர். முதியோர்க்கு வரும் நடுக்குவாதத்தின் குறிகள் அனைத்தும் அவர்பால் காணப்பட்டன. அம்மருந்தில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் பொருள் உடலில் நஞ்சாக மாறி, இழைமணியின் நொதி வரிசையில் முதற்படியைத் தடுத்ததே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. 1989ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர்கள் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, அம்முதற்படி அங்கும் குன்றியிருப்பதைக் கண்டனர்.

பழுதுற்ற இழைமணிகளை அகற்றும் ஏற்பாடும் உயிரணுவில் உண்டு. களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை நீக்கும் உழவன்போல, சில புரதங்கள் பழுதானவற்றை அடையாளமிட்டு அழிக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஆக்கும் பார்க்கின் என்னும் மரபணுவை 1998ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது பழுதுற்றோர்க்கு இளமையிலேயே நடுக்குவாதம் வருகின்றது. நினைவை அழிக்கும் அல்சைமர் நோயிலும் மூளையின் ஆற்றல் குன்றுதல் காணப்படுகின்றது. எனினும் இழைமணியின் தளர்ச்சி அந்நோய்க்குக் காரணமோ, அன்றி அந்நோயின் விளைவோ என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. இந்நோய்களை முற்றும் நீக்கும் மருந்து இன்றளவும் கிட்டவில்லை.

தீர்க்கும் மருந்து இல்லாதபோது காத்தலே கடமையாகும். உடற்பயிற்சி தசைகளில் இழைமணிகளைப் பெருக்குகின்றது; ஆதலின் ஓடியாடி உழைத்தல் நன்று. பூச்சிகொல்லியும் களைக்கொல்லியும் தெளிப்போர் முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்ளுதல் வேண்டும். ராட்டினோன், பாராகுவாட் ஆகிய நஞ்சுகளைக் கையாண்ட உழவரிடையே நடுக்குவாதம் மிகுந்திருப்பதை 2011ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. மெத்தனால் உட்கொண்டவரைக் குறி தோன்றும் வரை காத்திராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். அது அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்தும், குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிசும் உண்டு. ஆயினும் கண்ணரம்பு சிதைந்த பின்னர் அவற்றால் பார்வையை மீட்டல் அரிது.

வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். அவ்வறவுரையின் உண்மையைக் கருணாபுரம் பெருவிலை கொடுத்து அறிந்தது. குடிப்பவன் தன் உயிரணுவின் உலையை மட்டுமா அவிக்கின்றான்? தன் மனையின் அடுப்பையும் உடன் அவிக்கின்றான். நஞ்சென்று தெரிந்த நீரை வடித்துக் கொட்டிய பின்னரே மக்கட்கு உணவிடும் மலைவாழ் தாயின் அறிவு எளியதாயினும் பெரிது. தீயதனை விலக்கி நல்லதனைக் கொள்ளும் அவ்வறிவே உயிரைக் காப்பது, குடியையும் காப்பது.