ஓடுகிற வண்டி போதும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை, விடுதியில் என் அறைக்கு ஒரு தம்பி வந்தான். முதலாண்டு மாணவன், தஞ்சை மாவட்டத்துப் பிள்ளை. அவன் கையில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. முகத்தில் கவலை இருந்தது.

"அண்ணா, பிப்ரவரியில் நடக்கப் போகும் 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் என் வண்டி அதற்கு உதவாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உதவித்தொகை வந்திருக்கிறது. அதில் கியர் வண்டி ஒன்று வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான்.

அந்த உதவித்தொகைதான் ஆண்டு முழுவதும் அவனுடைய சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் ஆக வேண்டியது. பட்டியலில் அவன் குறியிட்டிருந்த வண்டியின் விலையோ அதில் பாதிக்கு மேல். "முதலில் இருக்கிற வண்டியைக் காட்டு, தம்பி" என்றேன்.

கீழே போய்ப் பார்த்தோம். கறுப்பு நிறம்; அம்பத்தூரில் செய்த வண்டி. அவன் தகப்பனார் மின்வாரியத்தில் கணக்கெடுப்பு வேலை பார்த்த காலமெல்லாம் ஊர் ஊராக ஏறிச் சென்ற வண்டி அது. அவர் ஓய்வு பெற்றதும் மகனோடு கங்கா காவேரி விரைவு ரயிலில் பார்சலாக ஏறிக் காசிக்கு வந்து சேர்ந்தது.

தம்பியின் கேள்வி அவன் ஒருவனுடைய கேள்வி அன்று. நம் வளாகத்தில் ஆண்டுதோறும் பலர் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். வண்டி பழையதா புதியதா என்று பார்ப்பதில் பயனில்லை. எந்த உறுப்பு தேயும், எது தேயாது, தேய்ந்ததை மாற்ற முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எது நிற்கும், எது தேயும்?

1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற வண்டியை வெளியிட்டார். இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகு சைக்கிளின் அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரிலிருந்து அனுப்பிய வண்டிகளும் இந்த வமிசத்தைச் சேர்ந்தவைதாம்.

வண்டியின் உடல் எஃகுக் குழாய். எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு வரம்புக்குக் குறைவான விசையை அதன்மேல் எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் அது களைத்து முறிவதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. ஆகவே துருப்பிடிக்காமலும் விரிசல் விடாமலும் இருக்கும் எஃகு வண்டிக்கு வயது ஒரு குறை ஆகாது. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள். மற்றொன்று, பெடல் அச்சு ஓடும் அடிக்கூடு. உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேதான் தங்கும். தம்பியின் வண்டியில் வண்ணம் உதிர்ந்திருந்தது. விரிசல் எங்கும் இல்லை.

அடுத்தது அச்சுகள். பழைய வண்டியின் அச்சுகளில் கப்பு, கோன், அவற்றுக்கிடையே எஃகுக் குண்டுகள், வேறொன்றும் இல்லை. நம் ஊர்க் கடைக்காரர் 'பால்ரஸ்' என்று சொல்வது இந்தக் குண்டுகளைத்தான். பின் சக்கரத்திலும் பெடல் அச்சிலும் கால் அங்குலக் குண்டுகள் ஓடுகின்றன. எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த குண்டுகளை மாற்றிப் புது கிரீஸ் வைத்து முடுக்குவதற்குத்தான் 'ஓவராயில்' என்று பெயர். அரை நாள் வேலை.

உண்மையிலேயே தேய்வது சங்கிலி. சங்கிலி 'நீண்டுவிட்டது' என்கிறோம். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஆணியும் அது சுழலும் துளையும் தேய்வதால் கண்ணிக்குக் கண்ணி சிறிது இடைவெளி கூடுகிறது. இதை அளக்க ஓர் அடிக்கோல் போதும். சைக்கிள் சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம். ஆகவே புதுச் சங்கிலியில் 24 இடைவெளி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். சங்கிலியை இழுத்துப் பிடித்து, கோலின் தொடக்கத்தை ஓர் ஆணியின் நடுவில் வையுங்கள். இருபத்துநான்காவது இடைவெளி முடியும் ஆணி 12 அங்குலக் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் புதுச் சங்கிலி வாங்கும் வேளை வந்துவிட்டது. 1/8 அங்குலம் போயிருந்தால், பல்சக்கரங்களும் கூடவே தேய்ந்திருக்கும். புதுச் சங்கிலி மட்டும் போட்டால் பல்லில் சரியாக உட்காராது.

தம்பியின் சங்கிலியை அளந்தோம். 1/8 அங்குலத்துக்கும் மேலே நின்றது. "வண்டி உதவாது என்று சொன்னவர்களுக்கு இதுதான் 'கடகட' என்று கேட்டிருக்கும்" என்றேன். ஒரு சங்கிலியும் ஒரு ஃப்ரீவீலும் செய்த சத்தத்துக்காக முழு வண்டியும் பழியைச் சுமந்திருக்கிறது!

200 கிலோமீட்டர் போக முடியுமா?

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நெடும்பயண சைக்கிளோட்டத்தின் தாயகம் பிரான்சு. பாரிசிலிருந்து பிரெஸ்டு வரை சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர்ப் பயணம் 1891-இல் முதன்முதல் நடந்தது. அதை இப்போது நடத்தும் சங்கத்தின் விதிப்படி 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம் அனுமதி. நம்மவர்களும் அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டார்கள். ஓய்வையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம் போதும். மனித சக்தியால் ஓடும் எந்த வண்டிக்கும் அந்த விதியில் இடம் உண்டு.

தம்பியின் வண்டியில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல்; பின்னால் 18. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு இரண்டேகால் மீட்டர். ஆகப் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்பது நிதானமான மிதிப்பு. அதில் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 200 கிலோமீட்டர் மிதிக்கப் பத்து மணி; இட்லிக்கும் இளைப்பாறலுக்கும் மூன்றரை மணி மீதம். இட்லி கிடைக்காவிட்டால் கச்சோரி!

எடை? பழைய வண்டி 20 கிலோ, புதிய வண்டி 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவன் 60 கிலோ. மேட்டில் ஏற்ற வேண்டிய மொத்தப் பாரம் 80-க்குப் பதில் 70 ஆகும். எட்டில் ஒரு பங்கு மிச்சம். நீலகிரியில் இது பெரிய உதவி. கங்கைச் சமவெளியில் ஏறுவதற்குப் பாலங்களை விட்டால் வேறு என்ன இருக்கிறது? சமதரையில் பத்து கிலோ அதிக எடைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

காற்றின் கதை வேறு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 20 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால் அது எட்டு மடங்கு ஆகிவிடும். விரைந்து போகிறவனுக்குக் குனிந்து ஓட்டும் வண்டி உண்மையிலேயே தேவை. இதற்கு நல்ல சான்று ஒரு மணி நேர ஓட்டச் சாதனை. 1972-இல் மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் எஃகு வண்டியில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1996-இல் கிறிஸ் போர்டுமன், கைகளை முன்னே நீட்டிப் படுத்தாற்போல ஓட்டும் புதுவகை வண்டியில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பின்னர், மெர்க்ஸ் ஓட்டியது போன்ற பழைய அமைப்பு வண்டியில்தான் சாதனை கணக்கிடப்படும் என்று உலக சைக்கிள் சங்கம் விதி செய்தது. 2000-இல் அதே போர்டுமன் அந்த விதிப்படி ஓட்டினார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட 10 மீட்டர் அதிகம்! மெர்க்ஸுக்கு மலைமேல் நகரத்தின் மெல்லிய காற்று உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் செய்தி தெளிவு. மணிக்கு 50 கிலோமீட்டர் போகும் வீரனுக்குக் கருவியும் உடல் கிடக்கும் நிலையும் ஏழு கிலோமீட்டர் தரும். மணிக்கு இருபது போகும் நமக்கு அதில் மிகச் சிறு பகுதியே கிட்டும்.

இன்னொன்றும் உண்டு. புது வண்டிகளில் பின் பல்சக்கரங்கள் ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று பெருகப் பெருகச் சங்கிலி மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒன்றின் உறுப்பு பெரும்பாலும் இன்னொன்றுக்குச் சேராது. 2021-இல் ஷிமானோ நிறுவனம் வெளியிட்ட உயர்ந்த தர டூரா-ஏஸ் தொகுதியில் கியர் மாற்றுவது மின்கலத்தின் வேலையாகிவிட்டது. அவை அருமையான பொருள்கள்தாம், பந்தயக்காரனுக்குத் தகும். வழியில் நின்றுபோனால் கிராமத்துக் கடையில் சரிசெய்ய இயலாது. தம்பியின் வண்டிக்கோ, வால்டியூப் முதல் சங்கிலி வரை எந்தச் சந்தையிலும் கிடைக்கும்.

எதை வைத்துக்கொள்ளக் கூடாது?

பழையதைப் போற்றுவதிலும் ஒரு மடமை உண்டு. அதை நான் பட்டு அறிந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் முன் டயரின் பக்கச் சுவரில் வெடிப்புகள் கண்டிருந்தன. "இன்னும் ஓடுகிறதே" என்று உள்ளே ஒரு பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டினேன். சிக்கனம் என்று பெருமையும் பேசினேன். ராஜ்காட் பாலத்திலிருந்து இறங்கும்போது டயர் வெடித்தது. மோவாயில் நான்கு தையல். தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது.

அதோடு நின்றேனா? அதே கவசத்தை மேலும் மூன்று மாதம் அணிந்தேன். மேலே ஒரு கீறல்தானே என்று எண்ணினேன். கவசத்தின் உள்ளே இருப்பது தெர்மாகோல் இனத்து நுரை. அடி விழும்போது அந்த நுரை நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மீண்டும் எழாது. ஓர் அடி வாங்கிய கவசம் தன் வேலையை முடித்துவிட்டது. அடிபடாவிட்டாலும் 5 முதல் 10 ஆண்டுக்குள் மாற்றும்படி அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறுகிறது. இதை எனக்கு எடுத்துச் சொல்லி, கவசத்தை என் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டவர் ஒரு மூத்த மாணவர். இன்றும் அவருக்கு நன்றி.

ஆகவே வெடித்த டயர், கம்பி தெரியும் பிரேக் கட்டை, அடிபட்ட கவசம் ஆகிய மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். இரும்பு ரிம்முள்ள வண்டி மழையில் உடனே நிற்காது. நனைந்த சாலையில் முன்கூட்டியே பிரேக் பிடிக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடும் நண்பர்களுக்கும் ஒரு சொல்: காலணியின் மேல்துணி கிழியாமல் இருக்கலாம், அடியில் உள்ள நுரை அமுங்கிப் போயிருக்கும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் மாற்றுவது வழக்கம். ஆனால் நேரம் பார்க்கப் பழைய கைக்கடிகாரமே போதும். அது நுரையால் ஆனதன்று!

பிறகு நடந்தது

மறுநாள் தம்பியை லங்கா கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள மிஸ்திரி சாச்சா வண்டியைச் சுற்றிப் பார்த்து, பெடல் தண்டை ஆட்டிவிட்டு, "பாபு, இதை யாரோ பெற்ற பிள்ளைபோல் வைத்திருந்திருக்கிறார்கள்" என்றார். ஓவராயில் செய்தார், ரிம்முக்குப் பெண்டு எடுத்தார். காட்டர் பின் ஒன்று தளர்ந்திருந்தது, அதை மாற்றினார். சங்கிலி, ஃப்ரீவீல், இரண்டு டயர், பிரேக் கட்டைகள், ஒரு விளக்கு, புதிய தலைக்கவசம், எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

பிப்ரவரியில் அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். புது வண்டிக்காரர்கள் எட்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்; அவர்களுடைய வேகத்தைக் கண்டு மகிழ்ந்தோம். திரும்பும் வழியில் பச்சுவா என்னும் மேல்காற்று எதிரே வீசியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் அந்த இரண்டு மணி நேரம் தம்பி மிகவும் பாடுபட்டான். அதை நான் மறைக்கவில்லை. இருந்தும் 12 மணி 20 நிமிடத்தில் வளாக வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

அன்றிரவு அவன் வீட்டோடு தொலைபேசியில் பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். தகப்பனார் கேட்ட முதல் கேள்வி, "பின் சக்கரம் இன்னும் இடப்பக்கம் இழுக்கிறதா?" என்பது. "இல்லையப்பா, பெண்டு எடுத்தாச்சு" என்றான் தம்பி. உதவித்தொகையில் மீதி அப்படியே இருந்தது. அந்தப் பருவத்து உணவுக் கட்டணத்தை அவன் அடுத்த வாரமே கட்டிவிட்டான்.

நண்பர்களே, புது வண்டி வாங்க வசதி உள்ளவர் தாராளமாக வாங்கட்டும். கடன் வாங்கியோ உதவித்தொகையை உடைத்தோ வாங்க எண்ணுபவர் மட்டும், வாங்குமுன் ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தம் வண்டியின் சங்கிலியை ஒரு முறை அளந்து பாருங்கள். கோல் இல்லாவிட்டால் என் அறையில் ஒன்று இருக்கிறது.