நீலச் சீரம்: பெப்டைடு தோலையும் முடியையும் மீட்குமா?

அழகுசாதனக் கடைகளில் அடுக்கியிருக்கும் சீரம் குப்பிகளில் சில மட்டும் தெளிந்த நீல நிறத்தில் இருக்கும். அந்த நீலம் சாயம் அன்று, செப்பின் நிறம். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துணுக்கு அந்தச் செப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜிஎச்கே-சியு என்பது அதன் சுருக்கப் பெயர். அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் இணைந்து மடிந்தால் புரதம். சிலவே இணைந்த குட்டிச் சங்கிலி பெப்டைடு. முதிய ஈரல் திசுவை இளையவர்களின் ரத்தப் பிளாஸ்மாவில் வைத்தால் அது இளந்திசுவைப் போல் புரதம் தயாரிப்பது எதனால் என்று தேடிய அமெரிக்க உயிர்வேதியியலர் லோரன் பிக்கார்ட், 1973-இல் இந்தத் துணுக்கை அடையாளம் கண்டார். பிளாஸ்மாவில் இதன் அளவு 20 வயதில் மில்லிலிட்டருக்குச் சுமார் 200 நானோகிராம், 60 வயதில் 80 என்பது அவர் தம் கட்டுரைகளில் தொடர்ந்து குறிப்பிட்ட கணக்கு. குறைந்ததை நிரப்பினால் தோல் பழையபடி ஆகும், கொட்டிய முடி முளைக்கும் என்ற இன்றைய விற்பனைப் பேச்சு இந்தச் சரிவின் மேல்தான் நிற்கிறது.

அந்தப் பேச்சை முழுப் புரட்டு என்று தள்ளிவிட முடியாது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைத் தயாரிப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். அவற்றை ஆய்வகத் தட்டில் வளர்த்து இந்தப் பெப்டைடைச் சேர்த்தபோது கொலாஜன் உற்பத்தி கூடியதை 1988-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே மூன்று அமிலங்களும் அதே வரிசையில் கொலாஜனுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே காயத்தில் கொலாஜன் சிதையும்போது அதிலிருந்து உதிரும் துணுக்கே ‘இங்கே பழுது, சரிசெய்’ என்று சுற்றியுள்ள செல்களைத் தூண்டக்கூடும் என்ற கருதுகோள் எழுந்தது. கொலாஜனின் முன்வடிவத்திலிருந்து எடுத்த ஐந்து அமிலத் துணுக்கு ஒன்றும் இதே வழியில்தான் மேட்ரிக்ஸில் என்ற பெயரில் முகப்பூச்சுகளுக்குள் வந்தது. ஆக, செல்லுக்குச் சேதி சொல்லும் திறன் பெப்டைடுக்கு உண்டு. ஆனால் சேதி வேறு, சிகிச்சை வேறு. சேதி உரிய செல்லைச் சென்றடைய வேண்டும். தட்டில் செய்ததை உயிருள்ள மனிதரிடமும் செய்ய வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் பலனைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். தோல், முடிப் பெப்டைடுகளில் பெரும்பாலானவை இம்மூன்றையும் கடந்துவரவில்லை.

முதல் தடை தோலேதான். வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாமல் இருப்பதே அதன் வேலை. 500 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நலமான தோலை எளிதில் ஊடுருவுவதில்லை என்ற பொது விதியை 2000-இல் போஸ், மைனார்டி என்ற இருவர் முன்வைத்தனர். ஜிஎச்கே-யின் எடை சுமார் 340 டால்டன்; செப்போடு சேர்த்தாலும் 500-ஐத் தாண்டாது. ஆனால் எடை குறைவாக இருந்தால் மட்டும் போதாது. மின்னேற்றம் கொண்டு நீரில் எளிதில் கரையும் பொருளைத் தோலின் கொழுப்படுக்கு லேசில் விடாது. அதனால்தான் மேட்ரிக்ஸிலில் ஒரு கொழுப்பமில வாலை ஒட்டினார்கள். அதனால் கொழுப்போடு ஒட்டுறவு கூடியது, எடையும் 800 டால்டனை எட்டியது. முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு கலந்த களிம்பும் மறுபாதியில் வெறும் களிம்பும் பூசி, 93 பெண்களிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. நுண்சுருக்கங்கள் ஓரளவு குறைந்தன என்றது அது. பலன் உண்டு என்றே கொள்வோம். ஆனால் அது சிறிய பலன். ஆய்வை நடத்தியதும் அழகுசாதனம் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.

காயம் வேறு கதை. அங்கே தோலின் தடை உடைந்திருப்பதால் மருந்து நேரே செல்களைச் சேர்கிறது. அங்கேகூட முடிவுகள் ஒரே திசையில் போகவில்லை. நீரிழிவுக் கால் புண்களில் செப்புப் பெப்டைடு களிம்பு நன்றாக உதவியது என்றது 1994-இல் வந்த ஓர் ஆய்வு. ரத்தநாளத் தேக்கத்தால் வரும் கால் புண்களில் அதே வகைக் களிம்பு வெறும் களிம்பைவிட மேலாக இல்லை, பழைய சில்வர் சல்ஃபாடயசின் களிம்புதான் முந்தியது என்றது 1992-இல் வந்த இன்னொன்று. நீரிழிவுப் புண்ணுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-இல் அனுமதித்தது பெக்காபிளெர்மின் என்ற வளர்ச்சிக் காரணியைத்தான். அது பெப்டைடைவிடப் பலமடங்கு பெரிய புரதம். அதன் முக்கிய ஆய்வில் மருந்து பெற்றவர்களில் சுமார் 50 சதவீதத்தினருக்குப் புண் முழுதும் ஆறியது. வெறும் களிம்பும் ஒழுங்கான பராமரிப்பும் பெற்றவர்களில் சுமார் 35 சதவீதத்தினருக்கும் ஆறியது. ஒப்பீட்டுக் குழு மட்டும் இல்லாதிருந்தால் அந்த 35-ஐயும் மருந்தின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள்.

முடி விஷயத்தில் இந்தக் கணக்குப் பிழை இன்னும் எளிதாக நேரும். 2007-இல் தென்கொரிய ஆய்வாளர்கள், நெருங்கிய உறவுடைய இன்னொரு செப்புப் பெப்டைடை மிகக் குறைந்த செறிவில் சேர்த்தபோது, தலைத்தோலிலிருந்து எடுத்த மயிர்க்கால்கள் தட்டில் கூடுதலாக நீண்டதைக் கண்டார்கள். ஆனால் ஆண்களின் வழுக்கை, ஹார்மோன் தாக்கத்தால் மயிர்க்கால் ஆண்டுக்கணக்கில் சிறுத்துக்கொண்டே போவதால் வருவது. சில நாள் தட்டில் வாழும் மயிர்க்காலிடம் அந்தப் போராட்டமே இல்லை. ‘பூசினேன், கொட்டுவது நின்றது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக்கொத்தாக உதிர்வதும், சில மாதங்களில் தானாகவே மீள்வதும் வழக்கம். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் சீரம் வாங்குவார்கள். அதன் பிறகு நிலைமை தேறத்தானே செய்யும். வழுக்கைக்குப் பூசும் மினாக்சிடில் அமெரிக்காவில் 1988-இலும், ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997-இலும் அனுமதி பெற்றது, வெற்று மருந்தோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் தேறிய பிறகே.

‘இயற்கையான, காப்புரிமை தீர்ந்த பொருளுக்கு எந்த நிறுவனம் பணம் போட்டு ஆய்வு நடத்தும்? ஆதாரம் இல்லை என்பதால் பலன் இல்லை என்று ஆகுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் ஆதாரம் ஏன் குறைவு என்பதைத்தான் அது விளக்குகிறது. பலன் உண்டு என்று அது காட்டவில்லை. மேலும், காப்புரிமை எப்போதோ தீர்ந்த மினாக்சிடிலை மாத்திரையாகக் கொடுத்தும் தலையில் பூசவைத்தும் பிரேசில் மருத்துவர்கள் ஒப்பிட்டு 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். மனம் இருந்தால் வழி இருக்கிறது. ‘உடலிலேயே இருக்கும் பொருள், தீங்கு செய்யாது’ என்பது இன்னொரு வாதம். இன்சுலினும் உடலில் இருப்பதுதான்; அளவு மிஞ்சினால் உயிரை எடுக்கும். பெக்காபிளெர்மினை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடுகிறதோ என்று 2008-இல் கடும் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. கூடுதல் தரவு வந்த பின் 2018-இல் அது நீக்கப்பட்டது. ஐயத்தை எழுப்பியதும் தீர்த்ததும் கண்காணிப்புதான். கடையில் நேரே வாங்கும் பெப்டைடுக்கு அப்படிக் கணக்கு வைப்பவர் யாருமில்லை.

பூச்சு பலன் தராவிட்டால் இழப்பு பெரும்பாலும் பணத்தோடு முடியும். ஊசியில் அப்படி இல்லை. திசுக்களைப் பழுதுபார்க்கும் என்று விற்கப்படும் பிபிசி-157, 15 அமிலங்களின் சங்கிலி; அதற்கான சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தவை. 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு வகுத்துப் பின்னர் நோபல் பரிசு பெற்ற முறையில், இத்தகைய சங்கிலிகளை ஒவ்வொரு அமிலமாகக் கோக்கிறார்கள். ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் சரியாக அமைந்தாலும், 14 இணைப்புகள் முடியும்போது பிழையற்ற சங்கிலி சுமார் 87 சதவீதம்தான் இருக்கும். மிச்சத்தைப் பிரித்தெடுத்தார்களா என்பது ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சிட்ட குப்பியைப் பார்த்தால் தெரியாது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பிபிசி-157-ஐயும் ஊசிவடிவ ஜிஎச்கே-சியுவையும் பாதுகாப்பு ஐயமுள்ள பட்டியலில் வைத்தபோது, மாசும் நோயெதிர்ப்பு எதிர்வினையும் அது சுட்டிய காரணங்களில் இருந்தன.

பெப்டைடு தோலுக்கு மருந்தாகாது என்பதல்ல இதன் பொருள். 13 அமிலங்கள் கொண்ட அஃபாமெலனோடைடு, வெயில் பட்டாலே தாங்கமுடியாத வலி தரும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு ஐரோப்பாவில் 2014-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதி பெற்றது. தோலுக்கடியில் பதிப்பதால் அது சேருமிடம் உறுதி, நோய் இன்னதென்று தெளிவு, ஒப்பீடும் நடந்தது. நீலச் சீரத்தை வாங்குபவரும் இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும்: எந்த வழியில் உள்ளே போகிறது, எந்தக் கோளாறுக்கு, எதோடு ஒப்பிட்டார்கள்? பதில் கிடைக்கும்வரை அதை ஒரு முகப்பூச்சின் விலைக்கு மேல் மதிக்க வேண்டியதில்லை. முடி உதிர்ந்தால் முதலில் அறிய வேண்டியது காரணத்தை; அதைத் தோல் மருத்துவரிடம்தான் அறிய முடியும், குப்பியின் லேபிளில் அல்ல.