வேருக்குள் ஒரு நண்பன்!

குட்டீஸ்... மதுரையில் இருந்து மேலூருக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? ஒத்தக்கடையில், படுத்திருக்கும் யானை போல ஒரு மலை தெரியும். அதைத் தாண்டிப் போனால் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் விளையும் நெல்லும், வாழையும், கரும்பும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மேட்டு நிலங்களில் நிலக்கடலை.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் தெரியும், கடலை தெரியும். ஆனால், வேருக்குள்ளே குடியிருக்கும் ஒரு நண்பன் மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டான். வேருக்குச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் அவனைப் பார்க்க முடியும்!

அவன் ஒரு பூஞ்சை. வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வதற்கு, 1885ல் ஜெர்மன் தாவரவியல் அறிஞர் பிராங்க் என்பவர், 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். 'பூஞ்சை வேர்' என்று பொருள். நம் வேளாண் விஞ்ஞானிகள், 'வேர் உட்பூசணம்' என்கின்றனர். விவசாயிகள் இதை, 'வேம்' என்ற பெயரில் உயிர் உரமாக வாங்கி வயலில் இடுகின்றனர்.

இவர்களுக்குள் நடப்பது பண்டமாற்று. இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி கொடுக்கும். பதிலுக்கு பூஞ்சை, தலைமுடியை விட மெல்லிய இழைகளை மண்ணில் நீட்டி, வேர் நுழைய முடியாத இடுக்குகளில் இருந்து மணிச்சத்தையும் தண்ணீரையும் கொண்டு வந்து தரும். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரங்களின் புதைபடிவங்களிலும் இந்த நட்புக்கு அடையாளம் இருக்கிறது. கடுகு, முட்டைக்கோஸ் போன்ற சில செடிகள் மட்டும் இந்தக் கூட்டணியில் சேருவதில்லை!

இத்தனை பழைய நட்புக்கும் ஒரு எதிரி உண்டு. அதுதான் கன உலோகம். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் எல்லாம் இந்தக் கூட்டம்தான். இலைதழை மண்ணில் விழுந்தால் மக்கி உரமாகும். உலோகம் மக்கவே மக்காது.

மண்ணில் இவை அளவுக்கு மீறினால் வேர் வளராமல் குட்டையாகி விடும், இலை மஞ்சளாகும். அதே நேரம் பூஞ்சையின் வித்துகள் முளைக்கத் திணறும், இழைகள் நீளாது. மணிச்சத்து வருவது குறையும். செடிக்கு இரட்டை அடி!

ஆனால், நண்பன் எளிதில் ஓடி விட மாட்டான். தன் இழைகளின் சுவரில் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது தண்டுக்கும் இலைக்கும் ஏறாமல் முடிந்தவரை தடுப்பான். உலோகம் கலந்த மண்ணிலேயே பல காலம் வாழ்ந்த பூஞ்சைகளுக்கு இந்தத் தாங்கும் சக்தி அதிகம். அதனால்தான், பாழான சுரங்க நிலங்களில் மறுபடியும் செடி வளர்க்க விஞ்ஞானிகள் இவற்றின் உதவியை நாடுகின்றனர். இருந்தாலும், நண்பனின் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

மேலூர்ப் பக்கம் இதை ஏன் நினைத்துப் பார்க்க வேண்டும்? 2022ல், இங்குள்ள அரிட்டாபட்டி, தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024ல், அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. கிராம மக்கள் ஒன்றுகூடிப் போராடினர். 2025 ஜனவரி 23ல், மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

குண்டு பல்பின் உள்ளே ஒளிரும் இழை, டங்ஸ்டனால் ஆனதுதான். பாறைக்குள் இருக்கும் வரை அது சாது. சுரங்கத்தில் பாறையைப் பொடியாக்கும்போது, தூளும் கழிவுநீரும் வெளியேறினால் மண்ணில் சேர்ந்து விடும். செடிக்குத் துளியளவு தேவைப்படும் மாலிப்டினம் என்ற சத்தைப் போலவே வேஷம் போட்டு, டங்ஸ்டன் உள்ளே நுழையும். பிறகு, நைட்ரேட்டைப் பயன்படுத்தும் வேலையையே செடியால் சரியாகச் செய்ய முடியாது!

குட்டீஸ்... மண்ணில் உலோகம் சேர்வது சுலபம். பிரித்து எடுப்பது மிகவும் கஷ்டம். நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த டியூப் லைட், பழைய செல்போன் இவற்றை வயலிலோ, கண்மாய்க் கரையிலோ வீசாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லி அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை வறுத்த கடலையைக் கொறிக்கும்போது, அதை விளைவிக்க மண்ணுக்கு அடியில் உழைத்த அந்த நண்பனையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள், சரியா?