வயிற்று உப்புசமும் யோகாசனமும்

மதிய உணவுக்குக் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும். எங்கள் பாலக்கோட்டுப் பக்கத்தில் பல வீடுகளில் இது வழக்கமான உணவு. வயிறு நிறைய உண்டு, மாலைச் சிறப்பு வகுப்பில் வந்து அமர்கிறீர்கள். வயிறு 'பொம்' என்று உப்புகிறது. உள்ளே கடமுடா ஓசை. பக்கத்து மாணவனுக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சம். பாடத்தில் மனம் செல்லவில்லை.

வீட்டில் பாட்டி ஓமத் தண்ணீர் தருகிறார். உடற்பயிற்சி ஆசிரியரோ, "பவனமுக்தாசனம் செய், சரியாகிவிடும்" என்கிறார். 'பவனம்' என்றால் காற்று. 'முக்தம்' என்றால் விடுபட்டது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழங்காலை மடக்கி வயிற்றில் வைத்தால் வாயு விடுபடுமா? விடுபடுமானால் எப்படி? மாணவர்களே, இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

வாயு எங்கிருந்து வருகிறது?

ஒன்றும் உண்ணாதபோதும் நம் குடலில் சுமார் 200 மில்லி லிட்டர் வாயு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு டம்ளர் அளவு. இதில் ஒரு பகுதி நாம் விழுங்கிய காற்று. அவசரமாக உண்டாலும், உண்ணும்போது ஓயாமல் பேசினாலும் இது மிகும். மற்றொரு பகுதி குடலிலேயே உண்டாகிறது. மொச்சை, அவரை, தட்டைப்பயறு போன்றவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. இவற்றைச் சிதைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. எனவே அவை செரிக்காமல் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள கோடானுகோடி பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்கின்றன. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிப்படுகின்றன. சிலரது குடலில் மீத்தேனும் உண்டாகிறது. மதியம் தின்ற மொச்சை மாலையில் தொல்லை தருவது இதனால்தான்.

இவ்வாயுவில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறுகிறது. எஞ்சியது கீழ்வழியே பிரிகிறது. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து முறை வாயு பிரிவது முற்றிலும் இயல்பு. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. கேலி செய்வதற்கும் ஏதுமில்லை.

பாயில் விதியும் வயிறும்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் உதகையை அடையும்போது பந்துபோல் உப்பியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லி மீட்டர் பாதரசம். 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் அது ஏறத்தாழ 580 மில்லி மீட்டரே. வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் பெருகும். அழுத்தம் கூடினால் பருமன் சுருங்கும். 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. குடலிலுள்ள வாயுவும் இவ்விதிக்கு உட்பட்டதே. மலை ஏறும்போது சிலருக்கு வயிறு உப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே விதியைக் கொண்டு யோகப் பயிற்சி ஒன்றை ஆராய்ந்தவர் சுவாமி குவலயானந்தர் (1883-1966). மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் 1924-இல் கைவல்யதாமம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அவ்வாண்டே 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழையும் வெளியிட்டார். நௌலி என்பது வயிற்றை உட்குழித்து, அதன் தசைகளைத் திரட்டிச் சுழற்றும் கடினமான பயிற்சி. அதைச் செய்பவரின் பெருங்குடலினுள் ஒரு குழாயைச் செலுத்தி, அதை அழுத்தமானியுடன் இணைத்து அளந்தார். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவதைக் கண்டார். மூச்சை முழுதும் வெளிவிட்டு விலா எலும்புகளை விரிக்கும்போது உதரவிதானம் மேலே எழுகிறது, வயிற்றறையின் பருமன் பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்தப் பகுதி வெற்றிடத்துக்குத் தம் குருவின் பெயரால் 'மாதவதாஸ் வெற்றிடம்' என்று பெயரிட்டார்.

நௌலி உங்களுக்கான பயிற்சியன்று. அதை நீங்களே முயலவேண்டாம். ஆனால் "முன்னோர் சொன்னார்கள்" என்பதோடு நின்றுவிடாமல் கருவியை எடுத்து அளந்தாரே, அந்த வழி நமக்கு உகந்தது.

அழுத்தினால் போதுமா?

பவனமுக்தாசனத்தில் தொடை வயிற்றை அழுத்துகிறது. "அழுத்தம் வாயுவைத் தள்ளுகிறது" என்று சொல்லிவிடலாமா? பொறுங்கள். வாயு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல அழுத்தம் மட்டும் போதாது. இரண்டு இடங்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வேண்டும். வயிற்றறை பெரும்பாலும் நீர்ப்பொருள்களும் மென்மையான உறுப்புகளும் நிறைந்தது. பாஸ்கல் விதிப்படி, வெளியிலிருந்து தரும் அழுத்தம் ஏறத்தாழ எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும். ஆகவே, இறுக்கி அமுக்கினால் வலிதான் மிஞ்சும். குடலின் ஒரு பகுதி சுருங்க, அடுத்த பகுதி தளரும்போதுதான் அழுத்த வேறுபாடு உண்டாகி வாயு நகர்கிறது. இந்த வேலையைச் செய்வது குடலின் தசை.

இதை மெய்ப்பிக்கும் ஒரு சோதனை ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் நடந்தது. உடல்நலமுள்ளவர்களின் சிறுகுடலில் மெல்லிய குழாய் வழியே நிமிடத்துக்கு 12 மில்லி லிட்டர் வீதம் வாயுவைச் செலுத்தினார்கள். படுத்திருந்தால் வாயு விரைவில் வெளியேறுமா, நிமிர்ந்திருந்தால் வெளியேறுமா என்பது கேள்வி. நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்? வாயு இலேசானது, நீரில் மேல்நோக்கி எழும், வெளியேறும் வழியோ கீழே உள்ளது. எனவே நிமிர்ந்திருந்தால் வாயு உள்ளேயே தங்கும் என்றுதான் இயற்பியல் மாணவன் சொல்வான். 2003-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. நிமிர்ந்திருந்தபோதுதான் உள்ளே தங்கிய வாயு குறைவு! குடல் வெறும் கண்ணாடிக் குழாய் அன்று; உயிருள்ள தசைக்குழாய். உப்புசத் தொல்லை உள்ளவர்களை மிதமாக மிதிவண்டி மிதிக்கச் செய்தபோதும் தங்கும் வாயு குறைந்ததை, 2006-இல் வெளியான ஆய்வில் அதே குழுவினர் கண்டனர்.

மற்றொரு வியப்பும் உண்டு. உப்புசம் உள்ள பலரின் வயிற்றைச் சி.டி. படம் எடுத்துப் பார்த்தால் வாயு அவ்வளவாக மிகுந்திருப்பதில்லை. உதரவிதானம் கீழே இறங்கியும், முன்வயிற்றுத் தசை தளர்ந்தும் இருக்கிறது. அதனால் வயிறு முன்னே தள்ளுகிறது. மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடும்போதோ உதரவிதானம் தளர்ந்து மேலேறுகிறது. மூச்சோடு இணைந்த மென்மையான ஆசனங்கள் இதமளிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கனடாவில் குடல் உறுத்தல் நோயுள்ள 11 முதல் 18 வயது வரையான 25 பேரிடம் யோகப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான அதன் முடிவு, பயிற்சி செய்தவர்களிடம் தொல்லை குறைந்ததைக் காட்டியது. 25 பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. ஆகவே இது நம்பிக்கை தரும் அறிகுறி. முடிந்த தீர்ப்பு அன்று.

செய்முறை

1. உணவுக்குப் பின் உடனே படுக்காதீர்கள். பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். அல்லது வஜ்ராசனத்தில் அமருங்கள்: முழங்கால்களை மடக்கிக் குதிகால்கள் மீது, முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நடப்பதே நல்லது.

2. பவனமுக்தாசனம்: உண்டு மூன்று, நான்கு மணி நேரம் கழிந்தபின் செய்யுங்கள். பாயில் மல்லாந்து படுத்து, மூச்சை மெல்ல வெளிவிட்டுக்கொண்டே வலது முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். மூன்று மூச்சுக்கள் அப்படியே இருந்து, காலை நீட்டுங்கள். பிறகு இடக்கால்; அதன்பின் இரு கால்களும் சேர்த்து. ஒவ்வொன்றும் மூன்று முறை. இறுக்கவேண்டாம்.

3. மார்ஜாரி ஆசனம்: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனைபோல் நில்லுங்கள். மூச்சை இழுக்கும்போது முதுகைத் தாழ்த்தி, விடும்போது உயர்த்துங்கள். ஐந்து முறை.

பயற்றை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பகுதி நீங்கும்.

ஆசனம் வேண்டாத நேரம்

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். "வாயுதான்" என்று ஆசனம் செய்துகொண்டு காலம் கடத்துவது உயிருக்கே ஆபத்து. வயிறு உப்பி மலமும் வாயுவும் வெளியேறாமை, மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாரக்கணக்கில் நீங்காத உப்புசம் ஆகியவற்றுக்கும் மருத்துவரையே நாடவேண்டும். குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டே பயிலவேண்டும்.

நீங்களே சோதிக்கலாம்

ஒரு வாரம் வழக்கம்போல் இருங்கள். நாள்தோறும் மாலை ஒரே நேரத்தில் தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். தொல்லைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண்ணும் இடுங்கள். அடுத்த வாரம், உணவை மாற்றாமல், மேற்சொன்ன பயிற்சிகளைச் செய்து அவ்வாறே குறியுங்கள். இரு வாரச் சராசரிகளையும் ஒப்பிடுங்கள். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. வேறுபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை மாற்றாமல் எழுதிவையுங்கள்.