சவர்க்காரத்தில் எழுதிய கவிதைகள்

சோவியத் சிறையில் இருந்த இரினா ரத்துஷின்ஸ்காயா, கவிதை எழுதச் சவர்க்காரக் கட்டியைப் பயன்படுத்தினார். தீக்குச்சியால் அதன்மேல் வரிகளைக் கீறுவார். மனத்தில் பதியும்வரை திரும்பத் திரும்பப் படிப்பார். பிறகு தண்ணீரில் கழுவிவிடுவார். சோதனைக்கு வரும் காவலருக்குக் கிடைப்பது ஈரமான சவர்க்காரம் மட்டுமே.

1954இல் ஒடெசா நகரில் பிறந்த இரினா, இயற்பியல் படித்தவர். 1982 செப்டம்பரில் கைதானபோது அவருக்கு வயது 28. சோவியத் ஆட்சிக்கு எதிரான பிரசாரம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. உழைப்பு முகாமில் 7 ஆண்டுகள், பின்னர் உள்நாட்டிலேயே தொலைதூர இடமொன்றில் 5 ஆண்டுகள் என்று தீர்ப்பானது. ஆனால், அதுவரை அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை காதல், இறைநம்பிக்கை, கலை பற்றியவைதான். அவரை அரசியல் கவிஞராக்கியது அரசாங்கமே என்பேன். மனித உரிமையையும் விடுதலையையும் பாடிய கவிதைகள் சிறையில்தான் பிறந்தன.

மொர்தோவியா வட்டாரத்தில், பெண் அரசியல் கைதிகளுக்கான முகாமில் அவர் வைக்கப்பட்டார். எதிர்ப்புக் காட்டியவர்களுக்குத் தண்டனை அறை காத்திருந்தது. கடுங்குளிர், அரைவயிற்று உணவு. தனிமைச் சிறையில் இருப்பவருக்கு ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வேறுபாடு தெரியாது. அங்கே கவிதை இயற்றுபவருக்கோ, நேற்று விட்ட வரியிலிருந்து இன்று தொடர ஒரு வேலை இருக்கிறது. மனம் சிதையாமல் இருக்க அது போதுமானதா என்று நம்மால் சொல்ல முடியாது. இரினா அதைப் பிடித்துக்கொண்டார்.

மனனம் செய்வதை 'ஒப்பிப்பது' என்று நாம் கேலி செய்வதுண்டு. திருக்குறள் மனனப் போட்டிக்குத் தயாரானவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். ரஷ்யக் கவிதை மரபிலும் சந்தத்துக்கும் இயைபுக்கும் பெரிய இடமுண்டு. தாளே இல்லாத அறையில் அவை அலங்காரமல்ல. கவிதையைச் சேமித்து வைக்கும் வழி.

இரினா சிறையில் இயற்றியவை ஏறக்குறைய 250 கவிதைகள். சில இரகசியமாக வெளியே கடத்தப்பட்டன. அவர் உள்ளே இருக்கும்போதே, 1986இல், பிரிட்டனில் அவரது கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அவரை விடுவிக்கக் கோரிய குரல்களும் வலுத்தன.

அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் தேதி இரினா விடுவிக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து ஐஸ்லாந்தில் ரீகனும் கொர்பச்சோவும் சந்தித்தனர். பின்னர் அவர் எழுதிய சிறை நினைவுகள் நூலாக வந்தன. அதன் தலைப்புக்கு, 'நம்பிக்கையின் நிறம் சாம்பல்' என்று பொருள்.