மூன்று அங்குலம் நான்கு ஆகும்போது

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகிற வழியில் கஞ்சிக்கோடு. 1970களின் நடுவில் மத்திய அரசின் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் இங்கே கன்ட்ரோல் வால்வு ஆலை தொடங்கியது, 2010இல் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்.லின் ஆலை வந்தது. கோயம்புத்தூரின் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் ஒரு மணி நேரத் தொலைவில். இப்படி ஓர் இடத்தில் வால்வு செய்கிற ஒரு கம்பெனி தன் டிராயிங் மென்பொருளை மாற்ற நினைத்தால் என்னென்ன நடக்கும் என்று பார்ப்போம். எந்தக் கம்பெனி என்று தேட வேண்டாம். வால்வு செய்கிற இடம் எதுவானாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

ஏன் மாற்றுகிறார்கள்? பல நேரம் பணம்தான். 1982இல் வந்தது ஆட்டோகேட். ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த லைசென்ஸைப் புதிதாக விற்பதை ஆட்டோடெஸ்க் 2016இல் நிறுத்தியது. புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொந்த வீடு கிடையாது, வருஷ வாடகைதான். ஆட்டோகேட் டிராயிங்கைச் சேமிக்கிற அதே டி.டபிள்யூ.ஜி. ஃபைலைத் திறக்கிற, விலை குறைந்த பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட் மாதிரியான மென்பொருள்களைச் சிறு கம்பெனிகள் விசாரிப்பது இதனால்தான். இன்னொரு காரணம், வாங்குகிறவர் “3டி மாடல் அனுப்புங்க” என்று கேட்பது. அப்போது சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ் என்று வேறு உலகத்துக்கே போக வேண்டும்.

அதே ஃபைலைத் திறக்கிற முதல் வகை மாற்றம் சுலபம் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் பழைய டிராயிங்கில் பயன்படுத்திய எழுத்துரு புதிய கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், பிளஸ்-மைனஸ் குறி இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறி நிற்கும். 50 ? 0.02 என்று ப்ரிண்ட் வந்தால், பிளஸ் மட்டுமா, மைனஸும் உண்டா என்று லேத்காரர் யாரைக் கேட்பார்? கேட்டால் நல்லது. கேட்காமல் கடைந்துவிட்டால் அந்தப் பீஸ் ஸ்கிராப்.

3டிக்குப் போகிற இரண்டாவது வகைதான் உண்மையான தலைவலி. 1988இல் வந்த ப்ரோ/எஞ்சினியர் என்ற 3டி மென்பொருள் பரப்பிய முறை ஒன்று உண்டு. ஒரு வட்டம் வரை, அதைத் தடிமனாக்கு, நடுவில் துளை போடு, சுற்றிலும் போல்ட் துளை போடு: நாம் செய்த இந்த வரிசையை மென்பொருள் அப்படியே நினைவில் வைத்திருக்கும். பிறகு ஓர் எண்ணை மாற்றினால் முழு வடிவமும் தானாகத் திரும்ப உருவாகும்.

வால்வைக் குழாயோடு போல்ட் போட்டு இணைக்கிற வட்ட விளிம்பான ஃபிளாஞ்சை எடுத்துக்கொள்வோம். ஏ.எஸ்.எம்.இ. தரத்தின் 150 கிளாஸில் மூன்று அங்குல ஃபிளாஞ்சுக்கு வெளிவிட்டம் சுமார் 190 மில்லிமீட்டர், போல்ட் துளை 4. நான்கு அங்குலத்துக்குச் சுமார் 229 மில்லிமீட்டர், துளை 8. அளவுப் பட்டியலோடு கட்டிய மாடலில் மூன்றை நான்காக்கினால் நாலு துளை எட்டாகிவிடும். இதே மாடலை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக வழக்கமான வழி ஸ்டெப் ஃபைல். 1994இல் வெளிவந்த சர்வதேசத் தரம். வடிவம் துல்லியமாகப் போய்ச் சேரும். வரிசை போகாது. குழம்பு வந்துவிடும், செய்முறை வராது. அந்தப் பக்கம் நான்கு அங்குலம் வேண்டுமென்றால் நாலு துளையையும் அடைத்துவிட்டு, எட்டைப் புதிதாகப் போட வேண்டும். அதற்கு ஆரம்பத்திலிருந்தே வரைந்துவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இது சின்னப் பட்டறைகளின் பிரச்சினை மட்டுமில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆட்கள் கேட்டியா என்ற டிசைன் மென்பொருளின் நான்காம் பதிப்பில் வேலை செய்தார்கள், பிரான்ஸின் துலூஸ் ஆட்கள் ஐந்தாம் பதிப்பில். ஒரே மென்பொருள், பதிப்பு மட்டும் வேறு. ஹாம்பர்க்கிலிருந்து வந்த வயர்க்கட்டுகள் துலூஸில் விமானத்துக்குள் பொருந்தவில்லை. 2006இல் இது வெளியே வந்து, விமானம் ஏறக்குறைய இரண்டு வருடம் தாமதமானது.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்? எல்லா டிராயிங்கையும் மாற்றாதீர்கள். இப்போது ஆர்டர் ஓடுகிற அளவுகளை மட்டும் புதிதாகக் கட்டினால் போதும். கட்டுவதற்கு முன் ஒருமுறை பவுண்டரிக்குப் போய் வார்ப்புக்கு அச்சு எடுக்கிற மரப் பேட்டர்னை அளந்து பாருங்கள். வார்ப்பு சரியாக விழவில்லை என்று பேட்டர்ன்காரர் எப்போதோ ஒரு விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக்கியிருப்பார். டிராயிங்கில் அது ஏறியிருக்காது. வேலைக்கு வருகிற வார்ப்பு பேட்டர்னைப் பார்த்துத்தான் பிறக்கிறது. புது மாடலும் அதற்குத்தான் ஒத்துப்போக வேண்டும். இப்படி மாறிய விளிம்புகள் பழைய டிராஃப்ட்ஸ்மேனுக்குத்தான் நினைவிருக்கும். அவரை ஓரம்கட்டிவிட்டுப் புதுப் பையன்களை மட்டும் பயிற்சிக்கு அனுப்புகிற முதலாளிகளுக்கு இது தெரிவதில்லை.

மீதி டிராயிங்குகளை பி.டி.எஃப்.ஆகவும், 3டி மாடல்களை ஸ்டெப் ஆகவும் சேமித்து வையுங்கள். மூணாறு பக்கத் தேயிலை ஃபாக்டரி ஒன்றிலிருந்து இருபது வருடத்துக்கு முந்தைய உதிரிபாகம் கேட்டு ஃபோன் வரும். டிராயிங் இல்லையென்றால் பழைய பாகத்தையே அனுப்பச் சொல்லி வெர்னியர் வைத்து அளக்க வேண்டியதுதான். அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெர்னியர் சொல்லாது. வாடகை லைசென்ஸ் முடிந்த மறுநாள் அந்த மென்பொருளால் பழைய ஃபைலைத் திறந்து வேலை செய்ய முடியாது. ஆகவே இந்தச் சேமிப்பு வேலையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாமல், புது மென்பொருளுக்கு முன்பணம் கொடுக்கிற வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.